‘டாக்சிகாரியா’ என்றால் கொலைகார மரமா?

ஈப்போ நகருக்குப் பெயர் தந்த மரத்தின் அறிவியற்பெயர் ‘ஆன்டியாரிஸ் டாக்சிகாரியா’. இதை ‘நச்சு மரம்’ என ஒரே சொல்லில் முடித்துவிட்டு, “நிழலில் நின்றாலே சாவு” என்று பிள்ளைகளை அச்சுறுத்துவோர் நம்மிடையே உள்ளனர். இதனை நான் வன்மையாக மறுக்கிறேன்.

கிரேக்க மொழியில் ‘டாக்சோன்’ என்றால் வில். அம்பில் பூசும் நஞ்சு ‘டாக்சிகோன்’ எனப்பட்டது. அதனை இலத்தீன் ‘டாக்சிகம்’ என ஏற்று, எல்லா நஞ்சுக்கும் பொதுப்பெயர் ஆக்கியது. ஆங்கிலத்தின் ‘டாக்சிக்’ அதன் வழிவந்ததே.

1810-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெசனோ இட்ட இப்பெயருக்கு, ‘அம்பு நஞ்சு’ என்னும் பழம்பொருளே மிகப் பொருந்துகிறது. ஓராங் அஸ்லி மக்கள் இம்மரத்தின் பாலைக் காய்ச்சி, ஊதுகுழல் அம்புகளில் தோய்த்து வேட்டையாடினர். அந்நஞ்சு குருதியில் கலந்தால் இதயத்தை நிறுத்தும்; காற்றில் பரவிக் கொல்லாது. கொல்லும் என்பது 1783-இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்து உலகெங்கும் பரவிய கட்டுக்கதை! ஈப்போ இரயில் நிலையத்தின் முன்னேயே இம்மரம் வளர்க்கப்பட்டுள்ளதே, அங்கு நடப்போர் மடிந்தா விழுகின்றனர்?

ஆசிரியப் பெருமக்களே, தமிழ்ச்சொல்லுக்கு வேர் தேடச் சொல்லும் நாம், அறிவியற்பெயரை மட்டும் “மனனம் செய்” என்று தள்ளிவிடுவது முறையா? அச்சொல்லின் பொருளுக்குள் இம்மண்ணின் பூர்வகுடிகளது அறிவு அடங்கியிருக்கிறது. அதை மறைக்க நமக்கு உரிமையில்லை.

பெற்றோர்களே, “மரத்தருகே போகாதே” என்று மிரட்டாதீர்கள். “பாலைத் தொடாதே, காயத்தில் பட்டால் ஆபத்து” என்று காரணத்தோடு கூறுங்கள். அச்சம் பிள்ளையை விலக்கி வைக்கும், பொருளறிவே காக்கும்.

சிந்திப்போம்.