450 ரூபாய் பிங்க் பெட்டியும் ஒரு பி.காம் கணக்கும்

ஐ ஷேடோ பேலட்டின் விலையை அதில் இருக்கிற கட்டங்களால் வகுக்கக் கூடாது. நம்ம கண் இமையில் உண்மையிலேயே தெரிகிற நிறங்களால் வகுக்கணும். இவ்வளவுதான் மக்களே நான் சொல்ல வருவது. மேக்கப் என்றாலே அலர்ஜி உள்ளவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம். மற்றவர்கள் வாங்க, கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 'டிரக் ஸ்டோர் மேக்கப்' என்று ஒரு ரகம் உண்டு. மருந்துக்கடையில் இருமல் மருந்து, ஷாம்பூ, சாக்லேட்டோடு சேர்த்து விற்கிற மலிவு விலை மேக்கப். நம்ம ஊரில் அந்த வேலையைச் செய்வது ஃபேன்ஸி ஸ்டோர். வளையல், ஹேர் கிளிப், பொட்டு அட்டைக்குப் பக்கத்திலேயே இப்போது ஐ ஷேடோ பெட்டிகளும் அடுக்கியிருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பிங்க்!

இந்த பிங்க் மோகம் திடீரென்று வந்ததில்லை. 2013-ல் அர்பன் டிகே நிறுவனம் 'நேக்கட் 3' என்று ரோஸ் நிறங்களிலேயே 12 கட்டம் கொண்ட பேலட்டை விட்டது. 2016-ல் அனஸ்டேசியா பெவர்லி ஹில்ஸ் 'மாடர்ன் ரினைசன்ஸ்' என்று 14 கட்டம், 42 டாலர் விலையில் ஒன்றை விட்டது. அதில் செங்கல், பெர்ரி என்று பலவும் சிவப்பின் சொந்தக்காரர்கள். இரண்டும் ஹிட். அதற்கப்புறம் எல்லா விலையிலும் இதே குடும்பம் வந்துவிட்டது. நீலம் கலந்த மாதிரி இருந்தால் கூல் பிங்க். மஞ்சள், ஆரஞ்சு பக்கம் சாய்ந்தால் வார்ம் பிங்க். நான் வாங்கியது இரண்டாவது ரகம். கம்பெனி பெயர் வேண்டாம். ஒன்பது கட்டம், 450 ரூபாய்.

ஒரு வாரம் தினமும் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போனேன். ரிசல்ட் இதோ:

முதல் வரிசை: கிரீம், பேபி பிங்க், வெளிர் பீச். கிரீம் நிறம் என் மாநிறத்தில் விபூதி. பேபி பிங்க் சாம்பல். "ஏய், கண்ணுல என்னடி சுண்ணாம்பு?" என்று பக்கத்து பெஞ்ச் தோழி கேட்டாள். வெளிர் பீச் போட்டதும் தெரியவில்லை, துடைத்ததும் தெரியவில்லை.

இரண்டாம் வரிசை: மங்கலான ரோஸ், செங்கல், ரோஸ் கோல்ட். ரோஸ் மூன்று முறை பூசினால் கொஞ்சம் தலைகாட்டியது. செங்கல் சூப்பர். ரோஸ் கோல்ட் பிரஷ்ஷில் எடுத்தால் கன்னமெல்லாம் கொட்டியது. விரலால் அழுத்தி வைத்தால் வெயிலில் அப்படி ஒரு மினுமினுப்பு.

மூன்றாம் வரிசை: செம்பு, அரக்கு, கரும்பழுப்பு. மூன்றுமே பாஸ். செம்பு டிஸ்டிங்ஷன்.

ஆக, ஒன்பதில் ஐந்துதான் தேறியது. 450-ஐ ஒன்பதால் வகுத்தால் ஒரு நிறம் 50 ரூபாய். ஐந்தால் வகுத்தால் 90 ரூபாய். ஒரே பெட்டியை என்னைவிட ரொம்ப வெளுப்பான பெண் வாங்கினால் அவளுக்கு ஒன்பதும் வேலை செய்யும், 50 ரூபாய்தான். ஒரே எம்.ஆர்.பி., ஆனால் எனக்கு அடக்க விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது எந்த அட்டையிலும் அச்சிடாத விலை.

ஏன் இப்படி ஆகிறது? வெளிர் பிங்க் என்பது கொஞ்சம் சிவப்பும் நிறைய வெள்ளையும்தான். அந்த வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடு போடுகிறார்கள். கூடவே பவுடரை நிரப்ப டால்க், மைக்கா. வெளுத்த தோலில் இந்த வெள்ளை தோலோடு கலந்துவிடும், மிச்சமிருக்கிற சிவப்பு பளிச்சென்று தெரியும். பழுப்புத் தோலில் சிவப்பு தோலுக்குள் அமுங்கிவிடும், வெள்ளை மட்டும் மேலே மிதக்கும். அதுதான் அந்தச் சாம்பல். தப்பு நம்ம தோலில் இல்லை. யாருடைய தோலை மனதில் வைத்துக் கலந்தார்கள் என்பதில் இருக்கிறது.

2017-ல் ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்த பிறகு, "எங்கள் நிறத்துக்கு எங்கே?" என்ற கேள்வி உலகம் முழுக்கச் சத்தமாகக் கேட்டது. நம்ம நாட்டில் 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ஃபேரையே எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. நல்லதுதான். ஆனால் அந்தக் கேள்வி கன்னத்தோடு நின்றுவிட்டது, இமைக்கு ஏறவில்லை. ஐ ஷேடோவுக்குத் தோல் நிறம் பார்க்க வேண்டாம், பிங்க் என்றால் எல்லாருக்கும் பிங்க் என்று நினைக்கிறோம். நம்ம மேல் அது தெரியாவிட்டால், "எனக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்று நம்மையே குறை சொல்லிக்கொண்டு பெட்டியை மூடி வைக்கிறோம். என் வகுப்பிலேயே மூன்று பேர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது 450 ரூபாய்க்காக இல்லை, இந்த ஒரு வாக்கியத்துக்காக.

"முதலில் கன்சீலர் தடவிட்டுப் போடு, தெரியும்" என்பார்கள். உண்மைதான், தெரியும். ஆனால் கன்சீலர் யார் வாங்கிக் கொடுப்பது? அதையும் அடக்க விலையில் சேர்க்கணும் இல்லையா? "காசு கொஞ்சம் கூடப் போட்டு நல்லதா வாங்கு" என்பார்கள். 42 டாலரை ரூபாயில் மாற்றிப் பாருங்கள், பஸ் பாஸில் காலேஜ் போகிறவர்கள் ஏன் மலிவு பெட்டியைத் தேடுகிறோம் என்று புரியும். "புருவத்துக்குக் கீழே ஹைலைட் செய்ய வெளிர் நிறம் வேண்டுமே" என்பதும் சரி. ஆனால் அதற்கு ஒன்று போதும், மூன்று எதற்கு? அந்த ஒன்றும் சுண்ணாம்பு வெள்ளையாக இல்லாமல் இளம் தங்க நிறமாக இருந்தால் நமக்கு எவ்வளவு அழகு!

அதனால் மலிவு பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்து வாங்குங்கள் என்கிறேன். புடவைக் கடையில் அம்மா துணியைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்காமல் வாங்குவாரா? ஃபேன்ஸி ஸ்டோரில் பெரும்பாலும் பெட்டியைப் பிரிக்க விடமாட்டார்கள். அப்போது வெளிர் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் வைத்துவிடுங்கள். செங்கல், செம்பு, அரக்கு, ராணி பிங்க் இருந்தால் தைரியமாக எடுங்கள். கண் சமாச்சாரம் என்பதால் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி இல்லாத பெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிங்க் பெட்டி தூங்குகிறதா? கண்மை பென்சிலை இமையில் லேசாகத் தீற்றி, விரலால் கலைத்துவிட்டு, அதன் மேல் அரக்கை அழுத்துங்கள். மினுமினுப்பு நிறங்களுக்கு பிரஷ்ஷை லேசாக ஈரமாக்கிக்கொள்ளுங்கள். கன்சீலர் செலவு மிச்சம்.

இன்னொரு வேண்டுகோள். பேலட் வாங்குகிறவர்கள் உங்கள் கையில் பூசி ஒரு போட்டோ எடுத்துத் தோழிகளுக்குக் காட்டுங்கள், வெயிலில், ஃபில்டர் இல்லாமல். பெட்டி வாங்கும் முன் நான் தேடியபோது கண்ணில் பட்டதெல்லாம் பால் போன்ற கைகள்தான். மாநிறக் கை ஒன்று, கறுத்த கை ஒன்று பார்த்திருந்தால் யாருக்கோ 450 ரூபாய் மிச்சமாகும். அதைவிட முக்கியம், "எனக்கு செட் ஆகாது" என்று இன்னொருத்தி சொல்லமாட்டாள்.

டிஸ்கி: அந்த மூன்று வெளிர் கட்டங்களும் இன்னும் புத்தம் புதுசாகவே இருக்கின்றன. அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால் செயல்படாத சொத்து. வெளுப்பான தோழிகள் யாராவது வந்து சுரண்டிக்கொண்டு போகலாம், இலவசம் :-)