யந்திரத்தின் கண்ணும் மனிதனின் பொறுப்பும்

சாரதியில்லாமல் தானே ஓடும் மோட்டார் வண்டிகள் அமெரிக்காவின் சில நகரங்களில் கூலிக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிவிட்டன. வீதியில் தென்படும் ஒவ்வொன்றையும் யந்திரமே கண்டு, இது வண்டி, இது சைக்கிள், இது பாதசாரி என்று இனம் பிரித்து, அது செல்லும் திக்கைத் தொடர்ந்து கவனித்து, அதற்கேற்ப வண்டியை நடத்துவதே இவ்வித்தையின் சாரம். இதை நாம் வெறுப்பவர்களல்லர். ஆனால், யந்திரம் தவறும்போது பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு அரிஸோனா ராஜ்யத்தில் கிடைத்த விடை நியாய புத்தியுள்ள எவருக்கும் திருப்தியளிக்காது.

2018 மார்ச் 18-ந் தேதி இரவு 10 மணிக்குச் சற்று முன்பு, அந்த ராஜ்யத்திலுள்ள டெம்பி நகரத்தில் 49 வயதுள்ள ஒரு ஸ்திரீ தமது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகன்ற சாலையொன்றைக் கடந்துகொண்டிருந்தார். ஊபர் கம்பெனியார் பரீட்சை செய்துவந்த வண்டி அவர்மீது மோத, அவர் மாண்டார். தானே ஓடும் வண்டியால் பாதசாரி ஒருவர் உயிரிழந்தது அதுவே முதல் தடவை.

அமெரிக்காவின் தேசீயப் போக்குவரத்துப் பாதுகாப்பு போர்டு இதைத் தீர விசாரித்து, 2019 நவம்பரில் தன் முடிவுகளை வெளியிட்டது. அம்முடிவுகளைக் கவனித்தால், யந்திரத்துக்குக் கண் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே அது அவரைக் கண்டுவிட்டது. அப்பொழுது வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 44 மைல். இடையில் இருந்த தூரம் ஏறக்குறைய 350 அடி. வண்டியை நிறுத்த அது தாராளமாகப் போதும்.

பின் நடந்ததென்ன? கண்ட பொருளை யந்திரம் முதலில் வண்டி என்றது; பிறகு இன்னதென்று தெரியாத பொருள் என்றது; மறுபடியும் வண்டி என்றது; கடைசியில் சைக்கிள் என்றது. மனிதர் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பெயரை மாற்றிய ஒவ்வொரு முறையும், அப்பொருள் அதுவரை எவ்வழியே வந்தது என்ற விவரத்தையும் அது கைவிட்டது. வந்த வழி தெரியாவிட்டால் போகும் வழி எங்ஙனம் தெரியும்? சாலையின் குறுக்கே ஒருவர் அடிமேல் அடி வைத்து நெருங்கி வர, ஒவ்வொரு கணமும் அப்பொழுதுதான் அங்கே முளைத்தவர்போல் யந்திரம் அவரைப் பாவித்தது.

இதற்கு மூலகாரணம் ஒன்று உண்டு. கடக்கும் இடமென்று குறிக்கப்படாத இடத்திலும் ஜனங்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதை அந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் கணக்கில் சேர்க்கவேயில்லை! அம்மட்டோ? அபாயம் தென்பட்ட பிறகும் ஒரு விநாடி பிரேக்கைப் போடாமல் தாமதிக்கும்படி யந்திரத்துக்குக் கட்டளையிட்டிருந்தார்கள். பொய்யான அபாயங்களைக் கண்டு வண்டி அடிக்கடி நின்றுவிடக்கூடாதாம். வண்டியைச் செய்தவர்கள் அதில் வைத்திருந்த தற்காப்புப் பிரேக்கோ, யந்திரம் ஓட்டுகையில் வேலை செய்யாதபடி நிறுத்தப்பட்டிருந்தது. மேற்பார்வைக்கு முன்பு இருவர் உட்கார்ந்த இடத்தில் ஒருவரே போதுமென்றும் கம்பெனியார் தீர்மானித்திருந்தனர்.

ராஜ்ய சர்க்காரின் பங்கையும் மறைப்பதற்கில்லை. 2016 டிசம்பரில் கலிபோர்னியா அதிகாரிகள், தக்க அனுமதி பெறாமல் ஓட்டிய காரணத்தால் இக்கம்பெனியின் பரீட்சை வண்டிகளின் பதிவை ரத்து செய்தபோது, அரிஸோனாவின் கவர்னர் இரு கைகளையும் நீட்டி அவ்வண்டிகளை வரவேற்றார். விபத்து நேர்ந்த பிறகே அவர் பரீட்சைக்குத் தடை விதித்தார்.

இனி, தண்டனை யாருக்கு என்பதைப் பார்ப்போம். 2019 மார்ச்சில், கம்பெனியின்மீது குற்ற வழக்குத் தொடர ஆதாரமில்லை என்று சர்க்கார் வக்கீல் தெரிவித்துவிட்டார். வண்டியில் மேற்பார்வைக்கு இருந்த பெண்மணியின்மீது மட்டும் 2020-ல் வழக்குத் தொடரப்பட்டது. 2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார்.

அவர்மீது தவறில்லை என்று நாம் வாதிக்கவில்லை. சாலையைப் பாராமல் அவர் தமது டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தது விபத்துக்கு முக்கிய காரணமென்றே போர்டு கூறியது. மாண்டவர் குறிக்கப்படாத இடத்தில் கடந்ததையும் அது குறிப்பிட்டது. ஆனால் கம்பெனியின் போதாத முன்ஜாக்கிரதையையும், ராஜ்யத்தின் போதாத மேற்பார்வையையும் அதே போர்டு காரணங்களாக எடுத்துக் கூறியிருக்கிறது. காரணம் பலர், கூண்டில் ஏறியவர் ஒருவர், அவரும் அப்பலருள் மிகவும் எளியவர். இதையா நீதி என்பது?

மனித சாரதிகளால் நேரும் சாவு குறைவா என்று கேட்பார் உளர். உலகச் சாலைகளில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் மடிகின்றனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. யந்திரம் இதைக் குறைக்குமானால் அதை நாமே முன்வந்து வரவேற்போம். ஆயினும், நாளை பல உயிர் பிழைக்கும் என்ற வாக்குறுதி, இன்று போன ஓர் உயிருக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து எவரையும் விடுவிக்காது.

சட்டத்துக்கு இது புதிய பிரச்னையன்று. தன் காரியத்துக்காக அபாயமான பொருளொன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து வைப்பவன், அது தப்பி வெளியேறி விளைக்கும் நஷ்டத்துக்கு உத்தரவாதியாவான் என்று, ரைலண்ட்ஸ் - பிளெட்சர் வழக்கில் 1868-லேயே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தன் நிலத்தில் வைத்தவனுக்கே அவ்விதியென்றால், பொது வீதியில் கொண்டுவந்து ஓட்டுபவனுக்கு அதைவிடக் கடுமையான விதியல்லவா வேண்டும்?

எனவே, யந்திரத்தை வகுத்து இலாபம் பெறுவோரே அதன் தவறுக்கு முதல் உத்தரவாதிகள் என்று எல்லா நாடுகளும் சட்டம் செய்யவேண்டும். வீதிக்கு வருமுன் அவ்வண்டிகளைச் சுயேச்சையான அதிகாரிகள் சோதிக்கவேண்டும். விபத்து நேர்ந்தால், யந்திரம் கண்டதும் எண்ணியதுமான முழு விவரத்தையும் கம்பெனியார் ஒளிக்காமல் ஒப்படைக்கவேண்டும். குறித்த இடத்தில் கடந்தாலும் குறியாத இடத்தில் கடந்தாலும் மனிதர் மனிதரே. அதை அறியாத யந்திரத்துக்கு வீதியில் இடமில்லை. அதைக் கற்பிக்கத் தவறியவருக்குச் சட்டத்தில் புகலிடமும் இருத்தலாகாது.