சூட்டுப் புண் இல்லை

வாய்ப்புண் என்று சொன்னால் எங்கள் வீட்டில் "உடம்பு சூடு" என்று முடித்துவிடுவார்கள். மணத்தக்காளிக் கீரைக் கூட்டு, மோர், தலைக்கு நல்லெண்ணெய். மற்ற நாளில் அது போதும். பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுக்காகக் கீமோ ஏற்றியபோதும் அதையேதான் செய்தோம்.

இரண்டாவது சுற்று முடிந்து ஒன்பதாம் நாள். இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தும் இறங்கவில்லை.

"வாயைத் திறங்க பெரியம்மா."

"ஒண்ணுமில்லடி, சூடுதான்."

மேல் பல்செட்டைக் கழற்ற வைத்து டார்ச் அடித்தேன். அண்ணத்தில் தயிர் ஒட்டிக் காய்ந்த மாதிரி வெள்ளை. பஞ்சால் தொட்டால் அடியில் ரத்தச் சிவப்பு. அன்று இரவு காய்ச்சல் 101. பாராசிட்டமால் கொடுத்து, விடியட்டும் என்று படுக்க வைத்தோம். அந்த இரவை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அழிப்பது கீமோ. வாயின் உள்தோலும் அப்படிப் பெருகுவதுதான். அதனால் அதுவும் வெந்து புண்ணாகிறது. பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். வேலியும் காவலும் இல்லாத வயலாகிவிடுகிறது வாய். நம் வாயில் சும்மா கிடக்கும் கேண்டிடா பூஞ்சை படர்ந்துவிடும். பாக்டீரியா புண் வழியாக ரத்தத்தில் இறங்கும். வெள்ளை அணு இல்லாததால் சீழ்கூடச் சரியாகப் பிடிக்காது. காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம். 100.4 தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இது எங்களுக்குத் தெரிந்தது பெரியம்மா ஆன்டிபயாடிக் ஊசியோடு வார்டில் கிடந்தபோதுதான்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. கீமோவுக்கு முன் ரத்தம் பார்த்தார்கள், எக்கோ பார்த்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னவர் யாருமில்லை. கீழ்வரிசையில் ஒரு சொத்தைப் பல்லின் வேர் இருந்தது. முன்பே பிடுங்கி, புண் ஆற பத்துப் பதினைந்து நாள் விட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ தொடங்கப்போகிறது என்றால், தயவுசெய்து முதலில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு நர்ஸ் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா ஒரு டீஸ்பூன். நாளுக்கு நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். மெத்தென்ற பிரஷ். எரியும் ஆல்கஹால் மவுத்வாஷ் கூடாது, ஊறுகாய் கூடாது. பூஞ்சை மருந்தை வாயெல்லாம் படும்படி வைத்திருக்க வேண்டும். பல்செட்டு ராத்திரி வாயில் இருக்கவே கூடாது. தேய்த்துக் கழுவி ஊறப்போட வேண்டும். பெரியம்மாவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. பல்செட்டு இல்லாமல் பெரியப்பா முன்னால்கூட நின்றதில்லை அவர்.

மூன்றாவது சுற்றில் தினசரிக் காலண்டரில் ஏழாம் நாளிலிருந்து சிவப்பு மையால் வட்டமிட்டேன். சாயங்காலம் நான் டார்ச்சைத் தேடி எடுத்து வருவதற்குள், பல்செட்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார் பெரியம்மா.