மஞ்சள் பை எங்கே?

1951-ல் மதுரை நகரின் ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம். 2011-ல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது! ஊரின் எல்லையும் விரிந்தது, ஜனமும் பெருகியது.

"குப்பை பெருகியதற்கு ஜனப்பெருக்கமே காரணம்" என்பார்கள். அது பாதி உண்மைதான். அன்று கடைக்குப் போனவர் கையில் துணிப்பை இருந்தது. இன்று பலர் வெறுங்கையோடு போகிறார்கள். பிளாஸ்டிக் பையோடு திரும்புகிறார்கள். அந்தப் பை மக்குவதில்லை. வாய்க்காலை அடைக்கிறது, மழை வந்தால் வைகையில் சேருகிறது. மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகிறது!

ரோடாக மாறிய பை

இதற்கு மதுரையிலேயே ஒருவர் வழி கண்டார். அவர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். பிளாஸ்டிக் பைகளைத் துண்டு துண்டாக்கி, சூடான ஜல்லியில் தூவினார். அது உருகி ஜல்லியில் ஒட்டிக்கொண்டது. பிறகு தார் கலந்தார். உறுதியான ரோடு கிடைத்தது! 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

ஆனால் வாய்க்காலில் சேற்றோடு கிடக்கும் பை அப்படியே ரோட்டுக்கு உதவாது. வீட்டிலேயே தனியாகச் சேர்த்து வைத்தால்தான் உதவும். வாங்காமலே இருந்தால் அதைவிட நல்லது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உண்டு. சட்டம் கடை வாசல் வரை வரும். வீட்டு ஆணியில் தொங்கும் மஞ்சள் பையைக் கையில் எடுக்க வேண்டியவர்கள் குடும்பத்தார்தான்!