சிறு குழி மோகம்

“சின்னக் குழியில் பழகினால்தான் கை தேறும்.” திருவண்ணாமலைத் தெருக்களில் கேரம் ஆடும் சிறுவர்களுக்கு மூத்தோர் ஓயாது ஓதும் உபதேசம் இது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் வடசென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றபின், மகளுக்குப் பலகை வாங்கப் போன நண்பரிடம் கடைக்காரரும் இதையே சொன்னாராம். மறுக்காமலிருக்க என்னால் இயலவில்லை.

சர்வதேச விதிப்படி குழியின் விட்டம் சுமார் 4.45 செ.மீ.; காய் 3.18 செ.மீ.க்கு மிகாது. ஒன்றரைக் காய் அகலம்கூட இல்லை. (பூல் மேசையின் மூலைக்குழியோ ஏறத்தாழ இரு பந்து அகலம். அங்கும் இதே சண்டைதான்!) புதியவன் பத்து முறை அடித்துப் பத்தும் தவறினால், பிழை குறியிலா விசையிலா என்று எங்ஙனம் அறிவான்? பெரிய குழியில் நாலைந்து விழும். விழுந்ததற்கும் விழாததற்குமான வேறுபாட்டைக் கை உணரும். முதலாண்டு மாணவனிடம் சேனாவரையரைத் திணித்துவிட்டு, அவனுக்குத் தமிழ் வராது என்று தீர்ப்பெழுதும் என் போன்றோரின் குற்றமும் இதுவே.

பெரிய குழி இளக்காரமானதும் அன்று. காயை ஏற்கும் வாய் ஸ்ட்ரைக்கரையும் விழுங்கும். போட்ட காயோடு இன்னொன்றையும் வெளியே வைக்க நேரும்.

பத்துக்கு எட்டுப் போடத் தொடங்கியவனை விதிப்பலகைக்கு மாற்றியே ஆகவேண்டும். தெருவில் கொடிகட்டிப் பறந்தவர்கள் போட்டியின் முதற்சுற்றிலேயே வீடு திரும்பியதைக் கண்டிருக்கிறேன். விதியளவினும் சுருங்கிய குழியில் பழகுவதாகப் பெருமை பேசுவோரும் உண்டு. அக்குழியை எந்தப் போட்டியில் சந்திப்பீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். பவுடர் டப்பாவைத் தட்டியபடி அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார்.