பேச்சே மருந்தாகும் நோய்க்கு எம்மொழியில் மருத்துவம்?

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி எனச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களில் ஓர் இளைஞன் கஞ்சாவோடோ எம்.டி.எம்.ஏ.வோடோ பிடிபட்டால் அது செய்தியாகிறது. அப்பழக்கத்திலிருந்து மீள விரும்பினால் அவன் எங்கே போவான், யாரிடம் எந்த மொழியில் பேசுவான் என்னும் வினா செய்தியாவதில்லை. போதை ஒழிப்பைப் பெருமுழக்கமாக்கிய அரசு இவ்வினாவைத் தவிர்க்கிறது. மொழிச் சிறுபான்மையினர் உரிமையை மேடைதோறும் பேசும் தமிழ் அறிவுலகமும் தவிர்க்கிறது. இவ்விரண்டு மௌனங்களுக்கும் எதிராகவே இப்பதிவு.

2024இல் கேரளத்தில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்ப் பதிவான வழக்குகள் 27,000ஐத் தாண்டின. இவ்வெண்ணை அரசு தன் விழிப்புக்குச் சான்றாகவும் எதிர்க்கட்சி சீரழிவுக்குச் சான்றாகவும் காட்டின. சிகிச்சையின் கணக்கோ இவ்வளவு உரக்கப் பேசப்படுவதில்லை. டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சையைப் பெற்றிருந்தார். பிடிபட்டவர்களை எண்ணத் தெரிந்த நமக்கு, மீட்கப்படாதவர்களை எண்ணுவதில் ஆர்வமில்லை.

மருத்துவம் சார்ந்த ஓர் அடிப்படை உண்மையை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மதுவுக்கு நால்ட்ரெக்சோன், டைசல்ஃபிரம் போன்ற மருந்துகள் உண்டு. ஓபியம் வகைக்கு மெதடோன், பியூப்ரெனார்ஃபின் உண்டு. இன்றைய இளைஞர்களைப் பற்றியிருக்கும் கஞ்சாவுக்கும் எம்.டி.எம்.ஏ.வுக்கும் அவ்வாறு ஏற்பளிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை தரலாம். பழக்கத்தை மாற்றுவது உளவியல் ஆலோசனையே. எப்போது வேட்கை எழுகிறது, யாருடன் இருக்கையில் எழுகிறது, எதை மறக்க அதை நாடினாய் என்று கேட்டு, அவன் சொல்வதைக் கேட்டு, அவன் சொல்லாததையும் உணர்ந்து செய்யப்படும் மருத்துவம் அது. இங்கே பேச்சே மருந்து. ஆகவே மொழியை வசதி சார்ந்த சிறு விவகாரமாக ஒதுக்க முடியாது.

‘அங்குள்ள தமிழர்க்கெல்லாம் மலையாளம் தெரியுமே’ என்பது வழக்கமான மறுமொழி. தெரியும்தான். சந்தையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் இரு மொழிகளும் அவர்கள் நாவில் ஒன்றாகவே புழங்குகின்றன. ஆனால் சந்தையில் விலை பேசும் மொழியும், தந்தையின் அடியை நினைவுகூரும் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ‘விஷமம்’ என்னும் சொல்லையே பாருங்கள். மலையாளத்தில் அது வருத்தம். தமிழில் குறும்பு, தீச்செயல். மலையாளத்தின் ‘அவசரம்’ நல்வாய்ப்பு. தமிழின் அவசரம் பதற்றம். எல்லையூரில் வளர்ந்த இளைஞன் இவ்வேறுபாடுகளை அறிந்தே இருப்பான். உறக்கமிழந்து, உடல் நடுங்கி, குற்றவுணர்வோடு அமர்ந்திருப்பவனிடமும் அந்த மொழிபெயர்ப்பு உழைப்பைச் சுமத்துவது என்ன நியாயம்? அவனோடு வரும் தாயும் பாட்டியும் இருக்கிறார்கள். குடும்பத்தார்க்கான ஆலோசனை இச்சிகிச்சையின் இன்றியமையாத பகுதி. அவர்கள் தலையசைப்பதைப் புரிதல் என்று கோப்பில் எழுதிக்கொள்வது மருத்துவம் ஆகாது.

இதனைச் சலுகையாகக் கேட்கவில்லை; சட்டமே சொல்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. அதன் 22ஆம் பிரிவு, நோயின் தன்மையையும் சிகிச்சைத் திட்டத்தையும் நோயாளி தமக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் அறியும் உரிமையை வழங்குகிறது. சித்தூர் வட்டத்தில் ‘புரியும் மொழி’ எது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் நோயாளி. மருத்துவமனையின் அச்சடித்த படிவம் அன்று.

அடுத்து, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்காகவோ வழக்கை எதிர்கொள்ளும் அடிமைப்பட்டவர் தாமாக முன்வந்து சிகிச்சையை மேற்கொண்டால், அவ்வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். இன்னொரு நிபந்தனையும் உண்டு: அரசோ உள்ளாட்சியோ நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில்தான் சிகிச்சை பெற வேண்டும். எனவே அத்தகைய நிலையம் எட்டும் தொலைவில் இல்லாத ஊரில் 64ஏ வெறும் அச்செழுத்து. சிகிச்சையைப் பாதியில் கைவிட வைக்கும் மொழித்தடை, அவ்வூரில் சட்டத்தடையாகவும் மாறிவிடுகிறது.

எட்டும் தொலைவு என்றேன். 2016இல் தொடங்கிய ‘விமுக்தி’ இயக்கத்தின் வழியே மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் அமைக்கப்பட்டன. பாலக்காட்டுக்குரிய மையம் அட்டப்பாடியில், கோட்டத்தறைப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் இருக்கிறது. அட்டப்பாடி மக்களின் தேவை உண்மையானது. அம்மையத்தை அங்கிருந்து பெயர்க்குமாறு எவரும் கோரலாகாது. ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அங்கே செல்ல, பாலக்காடும் மண்ணார்க்காடும் கடந்து மலைப்பாதை ஏற வேண்டும். அல்லது வேலந்தாவளம் வழியே தமிழ்நாட்டுக்குள் புகுந்து, கோவையையும் ஆனைகட்டியையும் கடந்து மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். தன் மாவட்ட மையத்தை அடைய மாநில எல்லையை இருமுறை கடக்கச் சொல்லும் திட்டத்தை வகுத்தவர்கள் வரைபடத்தையேனும் பார்த்தார்களா?

விளைவாக மக்கள் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் செல்கிறார்கள். அங்கே மொழி கிடைக்கிறது. ஆனால் அவர்கள் வேறு மாநிலத்தார். வசதியற்றவர்கள் பதிவில்லாத தனியார் விடுதிகளில் சிக்கும் ஆபத்தும் உண்டு. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை மேற்சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. பதிவற்ற இடத்தின் அடைத்த கதவுக்குப் பின்னால் அப்பிரிவை யார் வாசிப்பார்? எல்லைச் சாவடிகளில் எரிசாராயத்தையும் கஞ்சாவையும் தேடும் அரசுகள், அதே சாவடிகளைக் கடந்து செல்லும் நோயாளிகளைக் காண்பதில்லை.

இனித் தமிழ் அறிவுலகத்துக்கு. பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டும், விண்ணப்பத்தில் தமிழ் வேண்டும், பள்ளியில் தமிழாசிரியர் வேண்டும்: இக்கோரிக்கைகள் அனைத்தும் நியாயமானவை. எனினும் மொழியுரிமை அலுவலக வாசலோடு நின்றுவிடுமா? மனிதன் தன்னை முற்றிலும் இழந்து நிற்கும் வேளையில் அவனுக்குத் தாய்மொழி கிடைக்கவில்லையெனில், பலகையில் மின்னும் எழுத்து யாருக்காக? மறுபுறம், ‘தமிழ்நாட்டிலிருந்து வரும் சரக்கு’ என்று ஒரு மொழிக்காரரையே ஐயத்துக்குள்ளாக்கும் பேச்சும் வளர்கிறது. அப்பேச்சு நிலவும் ஊரில் தமிழ் இளைஞன் உதவி கேட்டு வாய் திறப்பது இருமடங்கு கடினம்.

முன்மாதிரிகள் நம்மிடம் உண்டு. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று மது மீட்பு முகாம்களை நடத்தியிருக்கிறது. ஊர் மக்களின் துணையோடும் குடும்பத்தாரின் பங்கேற்போடும் ஊரின் பேச்சுமொழியிலேயே சிகிச்சை நடந்தது. மஞ்சக்குடியில் இயன்றது கொழிஞ்சாம்பாறையில் இயலாதா?

கோரிக்கைகள் நான்கு. சித்தூர் வட்ட மருத்துவமனையில் போதை மீட்புக்கான புறநோயாளர் பிரிவு நிலையாக இயங்க வேண்டும். தமிழறிவு அங்குள்ள ஆலோசகர் பணிக்கான தகுதியாக வேண்டும். தமிழறிந்த ஆலோசகர் வாய்ப்பது தற்செயலாக இருத்தலாகாது. இசைவுப் படிவமும் 64ஏ பிரிவின் விளக்கமும் தமிழில் காவல் நிலையங்களிலும் கல்லூரிகளிலும் கிடைக்க வேண்டும். பாலக்காடு, கோவை மாவட்ட மனநலத் திட்டங்களுக்கிடையே நோயாளிகளைப் பரிந்துரைக்கவும் தொடர்ந்து கவனிக்கவும் முறையான உடன்பாடு வேண்டும். நான்காவது நம் துறையைச் சார்ந்தது: சித்தூர் அரசுக் கல்லூரியின் தமிழ்த்துறை போன்றவை உளவியல் துறையினரோடு இணைந்து, வேட்கையையும் சோர்வையும் குற்றவுணர்வையும் இவ்வட்டாரத்தார் எச்சொற்களால் சொல்கிறார்கள் என்று தொகுத்து ஆலோசகர்களின் கையில் தர வேண்டும்.

வட்டார வழக்கை ஆராய்ந்து பட்டம் பெறுவோர் பலர். அவ்வழக்கைப் பேசும் இளைஞன் உயிரோடும் தெளிவோடும் இருந்தால்தான் அந்த ஆய்வுக்கும் பொருள் உண்டு.