வாத்தியம் வேண்டா, வணக்கம் வேண்டும்!

1806-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள், விடியலுக்கு முன்னர், வேலூர்க் கோட்டைக்குள்ளே இருந்த இந்தியச் சிப்பாய்கள் கும்பினி ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினர். 1857-ஆம் ஆண்டுப் பெரும்புரட்சிக்கு 51 ஆண்டுகள் முன்னரே மூண்ட நெருப்பு அது. 2031-ஆம் ஆண்டில் அந்த நெருப்புக்கு 225 ஆண்டுகள் நிறைகின்றன. அந்த நாளை வேலூர் எடுப்பாகக் கொண்டாட வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. அந்த விழாவில் நாட்டின் படைக்கு என்ன இடம் என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. படையை அழைப்பதா, வேண்டாவா? அழைத்தால், எதற்கு அழைப்பது? இன்று இதனைத் தெளிவுபடுத்திக் கொள்ளாவிடில், நாளை விழாப் பந்தலில் பிறர் தெளிவுபடுத்திவிடுவர். அது நமக்கு உவப்பாய் இராது.

ஊர் விழாவில் படை பங்கேற்பதென்றால் நம் நாட்டில் நடப்பது என்ன? நகர மன்றம் மாவட்ட ஆட்சியருக்கு எழுதும். ஆட்சியர் படைத் தலைமையகத்துக்கு எழுதுவார். வாத்தியக் குழு வரும். பளபளக்கும் பித்தளைக் குழல்கள் முழங்கும். திடலிலே பீரங்கி ஒன்று நிறுத்தப்படும்; சிறுவர்கள் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வர். அமைச்சர் அணிவகுப்பைப் பார்வையிடுவார், மாலை வாங்குவார், மாலை மயங்குமுன் புறப்பட்டுவிடுவார். மறுநாள் திடல் வெறுமையாய்க் கிடக்கும். விழா முடிந்தது!

வேறு ஊருக்கு, வேறு நாளுக்கு, இது பொருந்தலாம். வேலூருக்குப் பொருந்துமா? பீரங்கியை வேடிக்கைப் பொருளாக நிறுத்துவதற்கு உலகில் எந்த ஊர் தகுந்ததாயினும் வேலூர் தகாது, தோழர்களே! அடக்குமுறை வென்ற பிறகு, விசாரணை என்ற பெயரால் ஒன்றை நடத்தி, நம் சிப்பாய்கள் 6 பேரைப் பீரங்கி வாயிலே கட்டிச் சிதறடித்தனர். 5 பேரைச் சுட்டனர். 8 பேரைத் தூக்கிலிட்டனர். 5 பேரை நாடு கடத்தினர். விசாரணைக்குக்கூடக் காத்திராமல், அரண்மனைக்குள் அகப்பட்ட ஏறத்தாழ 100 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளியது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மடிந்தோர் தொகை ஏறத்தாழ 350 என்பர். அந்த மண்ணிலா பீரங்கிக் காட்சி?

ஏன் எழுந்தனர் அந்தச் சிப்பாய்கள்? 1805 நவம்பரில் புதிய தலைப்பாகை ஒன்றை அணியுமாறு ஆணை பிறந்தது. தோலால் ஆன குஞ்சம் அதில் இருந்தது. நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது என்றனர். 1806 மே மாதத்தில் வேலூரிலேயே சிலர் அதனை மறுத்தனர். அவர்களுள் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்துப் படையிலிருந்து விலக்கினர். முதுகிலே விழுந்த அந்தக் கசை மதம் பார்க்கவில்லை. பின்னர் எழுந்த கரங்களும் மதம் பார்க்கவில்லை. ஜூலை 10 விடியலில் கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட் வீழ்ந்தார். 69-ஆம் வெள்ளைப் படைப்பிரிவினர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். திப்புவின் புலிக்கொடி கோட்டையிலே பறந்தது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் பாய்ந்து வந்த கில்லஸ்பி, பீரங்கி கொண்டு வாயிலைத் தகர்த்து நுழைந்தான். நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்வோம். அந்த விடியலில் மருத்துவ மனையில் படுத்திருந்த நோயாளிகளான வெள்ளைச் சிப்பாய்களும் கொல்லப்பட்டனர். அதனை வீரம் என்று நாம் பாடமாட்டோம். ஆனால், அதனை மட்டும் காட்டி எழுச்சி முழுவதையும் வெறியாட்டம் என்று எழுதிவைத்தானே வெள்ளையன், அந்தக் கணக்கையும் ஏற்கமாட்டோம்.

இனி, எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

"மேலதிகாரியைச் சுட்டவனுக்கு இன்றைய படைவீரன் வணக்கம் செலுத்தலாமா? கட்டுப்பாடு என்னாவது?" என்று கேட்கின்றனர் சிலர். கட்டுப்பாட்டின் மீது இவர்களுக்குள்ள காதலை நாம் குறை கூறவில்லை. எவருடைய கட்டுப்பாடு என்பதே நம் கேள்வி. அன்றைய சிப்பாய் சத்தியம் செய்துகொடுத்தது இலண்டனில் பங்கு விற்றுப் பிழைத்த ஒரு வணிகக் கும்பினிக்கு. இன்றைய வீரன் சத்தியம் செய்வது மக்கள் தமக்கே வழங்கிக்கொண்டு 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்துக்கு. இரண்டையும் ஒரே தராசிலே நிறுப்பவர், கும்பினியின் கொடிக்கும் குடியரசின் கொடிக்கும் வேறுபாடு அறியாதவர்.

மேலும், நாம் சொல்வதைப் படையே முன்னர்ச் சொல்லிவிட்டது! கும்பினிக்காகப் போரிட்டு நம் படைப்பிரிவுகள் பெற்ற பழைய போர்ச் சிறப்புகளை விடுதலைக்குப் பின்னர் ஆராய்ந்தனர். நம் நாட்டவரை அடிமைப்படுத்த நடந்த போர்களில் பெற்றவை நாட்டுணர்வுக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கிவைத்தனர். வேலூருக்கு அண்மையிலுள்ள சோளிங்கரில் 1781-இல் ஐதர் அலியை எதிர்த்துப் பெற்ற வெற்றியும், 1799-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்திய வெற்றியும் அந்தப் பட்டியலைச் சேர்ந்தவை. இன்று எந்தப் படைப்பிரிவும் அவற்றை விழாவாகக் கொண்டாடுவதில்லை. நன்று! ஐதரை வென்றது பெருமையன்று என்றால், ஐதரின் பேரர்களுக்காகக் கொடி ஏற்றியவர்களை வென்றது மட்டும் பெருமையாகுமா? அடக்கியவனின் வெற்றி ஒவ்வாதது என்றால், அடக்கப்பட்டவனின் சாவு வணக்கத்துக்கு உரியதுதானே? முதற்படி ஏறிய படை இரண்டாம் படியில் ஏன் தயங்க வேண்டும்?

கடற்படை தயங்கவில்லை. 1946-இல் பம்பாயில் மாலுமிகள் வெள்ளையரை எதிர்த்து எழுந்ததை, 2022-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பிலே கடற்படை தன் ஊர்தியில் காட்சியாக வைத்து டில்லி வீதியிலே வலம் வந்தது. 2019-ஆம் ஆண்டு அணிவகுப்பிலே நேதாஜியின் இந்திய தேசியப் படையைச் சேர்ந்த முதியவர்கள் பங்கேற்றனர். கட்டுப்பாடு இடிந்து விழுந்துவிட்டதா? கப்பல்கள் கவிழ்ந்துவிட்டனவா?

"அது வெறும் தலைப்பாகைக் கலகம், விடுதலைப் போர் அன்று" என்பது இன்னொரு வாதம். தலைப்பாகைதானா? தலைப்பாகைக்காக எழுந்தவன் தலைப்பாகையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இவனோ கோட்டையைப் பிடித்தான், கொடியை மாற்றினான், சிறையிருந்த அரச குடும்பத்தில் தலைவனைத் தேடினான். மன்னராட்சியைத்தானே நாடினான் என்று குறுக்கிடுவர். ஆம். 1806-இல் வாழ்ந்த ஒருவன் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போராட வேண்டும் என்பது நியாயமா? ஒரு பொறி வேண்டியிருந்தது, தலைப்பாகை பொறியாயிற்று. எரிந்தது வேறு. ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் பதவியிழந்து திரும்பிப் போக நேர்ந்ததே, வெறும் துணிக்காகவா?

வெள்ளையனுக்குத் தெரியும், இது துணிச் சண்டை அன்று என்று. சான்று வேண்டுமா? அதே கில்லஸ்பி 1814-இல் டேராடூனுக்கு அருகே களங்கா கோட்டையில் கூர்க்காக்களை எதிர்த்துப் போரிட்டு மாண்டான். அங்கே இரண்டு தூண்களை எழுப்பினர். ஒன்று கில்லஸ்பிக்கு, மற்றொன்று அவனை எதிர்த்து நின்ற பலபத்திரனுக்கு. எதிரியாயினும் வீரன் என்றனர். கில்லஸ்பிக்கு இலண்டன் தூய பவுல் பேராலயத்திலும் சிலை உண்டு. அயர்லாந்தில் அவன் பிறந்த ஊரிலும் சிலை உண்டு. வேலூர்ச் சிப்பாய்க்கு? ஒரு கல்லும் நடவில்லை. படைப்பிரிவின் எண்ணையே பட்டியலிலிருந்து அழித்தனர். எதிரியை மதிக்கத் தெரிந்தவனுக்கு, எழுந்து நின்ற ஊழியனை மதிக்கத் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. ஏனெனில் எதிரி தோற்றால் போர் முடிந்தது; ஊழியன் எழுந்தால் ஆட்சியே முடிந்தது!

எண்ணை அழித்த கதை இன்னும் உண்டு. கலைக்கப்பட்ட 1-ஆம் படைப்பிரிவுக்கு மாற்றாக 24-ஆம் பிரிவு எழுந்தது. 1817-இல் நாக்பூரை அடுத்த சீதாபல்டியில் அது அரிய போர் புரிந்தது. என்ன பரிசு வேண்டும் என்றபோது, பொன் கேட்கவில்லை. பழைய எண்ணைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டுப் பெற்றனர். தங்கள் பெயருக்கு நேர்ந்த இழுக்கு அந்த வீரர்கள் நெஞ்சிலே 11 ஆண்டுகள் முள்ளாய்த் தைத்திருந்தது. அதை நீக்கிக்கொள்ளவும் நாக்பூர் போன்சலேயின் படையை, அதாவது மற்றோர் இந்தியப் படையை, எதிர்த்தே அவர்கள் குருதி சிந்த வேண்டியிருந்தது! அடிமைப் படையில் மானத்தின் விலை இதுதான். அந்த மானத்தை விலையின்றித் திருப்பித் தரும் ஆற்றல் இன்று நம் குடியரசின் படைக்கு உண்டு. அதைத்தான் நாம் கேட்கிறோம்.

நம் தோழர்களிலேயே சிலர் கேட்பது வேறு: "மக்கள் விழாவுக்குப் பட்டாளம் எதற்கு? நாமே நடத்தினால் போதாதா?" போதாது, தோழர்களே. கோட்டையில் மடிந்தவர் அரசரும் அல்லர், அறிஞரும் அல்லர். சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கிய ஏழை வீட்டுப் பிள்ளைகள். இன்றும் வேலூர் வட்டாரம் படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் மண்தான். கம்மவான்பேட்டை படைவீரர் ஊர் என்றே பெயர் பெற்றிருக்கிறது. அந்த வீடுகளிலிருந்து சீருடை அணிந்து செல்லும் இளைஞன், தனக்கு முன்னே அதே மண்ணில் சீருடை அணிந்து மடிந்தவனைத் தன் முன்னோன் என்று அறிய வேண்டாவா? 1758-ஐத் தன் தொடக்கமாகக் கொள்ளும் மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம் நீலகிரியில் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் வெல்லிங்டன். திப்புவை வீழ்த்திய படையில் வந்த வெல்லெஸ்லிக்குப் பின்னாளில் கிடைத்த பட்டம்! வென்றவன் பெயரை நாள்தோறும் உச்சரிக்கும் வீரனுக்கு, வீழ்ந்தவனை ஆண்டுக்கு ஒரு நாள் நினைக்கும் உரிமை வேண்டும்.

ஆகவே, நாம் வேண்டுவன இவை.

ஜூலை 10 நிகழ்ச்சி நண்பகல் மேடையில் அன்று, விடியற்காலையில், கோட்டைக்குள்ளே தொடங்க வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் இசைவுக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். பீரங்கியும் கவச வண்டியும் வர வேண்டா. மதராஸ் படைப்பிரிவிலிருந்து ஓர் அணி வரட்டும். முதல் மலர்வளையத்தைத் தளபதி வைக்க வேண்டா. அமைச்சரும் வைக்க வேண்டா. படையின் கடைநிலைச் சிப்பாய் வைக்கட்டும். மடிந்தவர்களும் கடைநிலையினரே. அவர்கள் பெற்ற தண்டனைகளை, எண்ணிக்கையுடன், தமிழிலும் உருதுவிலும் உரக்கப் படிக்கட்டும். முன்னாள் படைவீரர்கள் முன்வரிசையில் அமரட்டும். பிரமுகர்கள் பின்வரிசையில் அமரட்டும். தேசிய மாணவர் படையின் சிறுவர்கள் வெயிலில் நின்று மயங்கி விழுவதற்கு வர வேண்டா. கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்த்து வரலாறு கற்க வரட்டும்.

கட்சிக் கொடி? அன்று காலை கோட்டைக்குள்ளே நம் கொடியும் வேண்டா. இதனை நம் தோழர்கள் முதலில் ஏற்க வேண்டும். நாம் ஒதுங்கி நின்றால்தான் மற்றவரை ஒதுங்கச் சொல்லும் உரிமை நமக்கு வரும்.

இதற்கெல்லாம் காலம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர். படையின் இசைவு ஒரு மாதத்தில் கிடைப்பதன்று. கடைசி நேரத்தில் எழுதினால் வாத்தியக் குழுதான் வரும். மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் இயற்றச் செய்யுங்கள். முன்னாள் படைவீரர் அமைப்புகளைச் சந்தியுங்கள். ஆட்சியர் வழியாகச் சென்னையிலுள்ள தட்சிண பாரத் பகுதித் தலைமையகத்துக்கும் வெல்லிங்டனுக்கும் வேண்டுகோள் செல்லட்டும். மறுமொழி வராவிடில் மீண்டும் எழுதுங்கள். வேலூரின் தெருவெல்லாம் கையொப்பம் வாங்குங்கள்.

2006-இல் 200-ஆம் ஆண்டு நிறைவில் அஞ்சல்தலை ஒன்று வெளிவந்தது. தாளிலே மதிப்பு வந்துவிட்டது. 225-ஆம் ஆண்டிலே, வேலூர்க் கோட்டைச் சுவரின் எதிரே, குடியரசின் சீருடை அணிந்த ஒரு சிப்பாயின் கை நெற்றிக்கு உயரட்டும்!